உழவாரமும் தலைமையும்

கும்பாபிஷேகத்தை முன்னின்று நடத்தியவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்படுகின்றது. மறுநாள் தொடக்கம் வீதியைக் கூட்டுபவரின் பெயரையோ, விளக்குக்கு எண்ணெய் விடுபவரின் பெயரையோ எவரும் பொறிப்பதில்லை. இவர்களுள் உண்மையான தலைவர் யார்? தர்மகர்த்தா பொறுப்பை ஏற்ற நாள் முதல் இவ்வினா என் மனதில் உண்டு.

நமது சைவ மரபிலே இதற்கு விடை இருக்கின்றது. ஏழாம் நூற்றாண்டில் சைவத்தை நிலைநிறுத்திய திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் தாங்கியது செங்கோல் அன்று. புல் செதுக்கும் உழவாரப்படை. முதுமையிலும் அதனை அவர் விட்டாரில்லை. வயதில் மிக இளையவரான திருஞானசம்பந்தர் அவரை 'அப்பர்' என்று அழைத்தார். அந்த இளையவரின் சிவிகையைத் தாமும் தாங்கி வந்தார் அப்பர் என்று பெரியபுராணம் கூறுகின்றது. தொண்டு செய்த கையும், இளையோரைச் சுமந்த தோளுமே அவரைப் பெரியவராக்கின.

தோட்ட மக்களாகிய நமக்கு இது புதிதன்று. நட்டவர்கள் மறைந்து பல்லாண்டு சென்ற பின்னும் தேயிலைச் செடி கொழுந்து தருவது எதனால்? காலந்தவறாமல் கவ்வாத்து வெட்டி, களை பிடுங்கி, கான்களைத் துப்புரவு செய்தவர்களால் அன்றோ! கான் அடைபட்டால் மழைநீர் மண்ணில் ஊறும். ஊறிய மண் ஒருநாள் சரியும்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்கள் புதையுண்டன. பள்ளிக்கூடம் சென்றிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடத்தில் ஆபத்து உண்டென்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் நமது பதுளை மாவட்டம் மண்சரிவில் உயிர்களைப் பலிகொடுத்தது.

எவரையும் குறைகூற எனக்குத் தகுதியில்லை. எழுதுவினைஞனாக இருந்த காலத்தில் எத்தனையோ கடிதங்களைக் கோவையில் இட்டதோடு என் கடமை முடிந்ததென எண்ணியவன் நான். கோயிலிலும் அப்படியே. ஒரு வருடம் கோபுரத்துக்கு வர்ணம் பூசுவதிலேயே குறியாக இருந்தோம். மடப்பள்ளிக்குப் பின்னால் கான் அடைபட்டிருப்பதைக் கூட்டித் துடைக்கும் அம்மா இருமுறை சொன்னார். நாங்கள் செவிசாய்க்கவில்லை. ஐப்பசி மழையில் பின்சுவர் விழுந்தது. தெய்வாதீனமாக அவ்வேளை உள்ளே எவரும் இருக்கவில்லை.

அன்று நான் கற்ற பாடம் இதுதான்: தலைவன் முதலில் கேட்கப் பழக வேண்டும். வெளியார் தோட்டத்துக்குள் நுழைய முடியாதிருந்த காலத்தில் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று தொழிலாளரின் நிலையை நேரிலே அறிந்தார் என்பர். 1931இல் அவர் அமைத்த தொழிற்சங்கத்துக்கு அந்த அறிவே அத்திவாரம். பதவிக்கு வந்த பின்னும் கற்பவனே வளர்கின்றான். எல்லாம் தெரியும் என்பவன் அன்றே நின்றுவிடுகின்றான்.

ஆகவே அன்பர்களே, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் கோயிற் கான்களையும் லயத்துக் கான்களையும் சிரமதானத்தால் துப்புரவு செய்வோம். பரிபாலன சபையினர் மண்வெட்டியுடன் முன்னே வரட்டும். இளைஞர்கள் உடன் வரட்டும். மலையில் வெடிப்பு எங்கே, ஊற்று எங்கே என்பதை மூத்தோரிடம் கேட்டறியட்டும். நமது பெயர் கல்லில் இல்லாது போனாலும் குறையில்லை. நமது பிள்ளைகள் மாலையில் திரும்பிவர வீடு இருக்க வேண்டும்.

அதற்கு அம்பாள் திருவருள் துணை நிற்பதாக.