இரண்டு ஆமென்

தியானப் பகுதி: யோவான் 17:20–23

அம்பத்தூரில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காலமானார். கம்பெனி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சி.எஸ்.ஐ. குடும்பம். எதிர்வீட்டு ஆர்.சி. குடும்பமும் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நின்றது.

இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் போதகர் தொடங்கினார். ஒரு பக்கம் 'பிதாவே', மறுபக்கம் 'தந்தையே'. தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்கும் இடம் வந்ததும் எதிர்வீட்டார் 'ஆமென்' சொல்லி முடித்துவிட்டார்கள். மற்றவர்கள் கடவுளின் ஆட்சியையும் வல்லமையையும் புகழும் அடியைத் தொடர்ந்தார்கள். சிலுவை போட்டுக்கொண்டு நகரப் பார்த்த பேரனை எதிர்வீட்டு ஆச்சி தோளில் கைவைத்து நிறுத்தினார்: "இருய்யா, அவங்க இன்னும் முடிக்கலை." கடைசி ஆமெனை ஆச்சியும் சேர்ந்து சொன்னார்.

அந்த 'இருய்யா'வுக்கு வந்துசேர நமக்கு நெடுங்காலம் ஆனது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் குரு சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அதே நூற்றாண்டில் கத்தோலிக்கத் துறவி வீரமாமுனிவர், லுத்தரன் போதனையை மறுத்துத் தமிழிலேயே நூல்கள் எழுதினார். ஐரோப்பாவில் மூண்ட சண்டை நம் வீட்டுப் பெயர்களைக்கூடப் பிரித்தது. கத்தோலிக்கருக்கு ராயப்பர், சீர்திருத்த சபையாருக்குப் பேதுரு. அவர்களுக்குச் சின்னப்பர், இவர்களுக்குப் பவுல். பெண் பார்க்கும் இடத்தில் "ஆர்.சி.யா, சி.எஸ்.ஐ.யா?" என்ற கேள்வி இன்றும் எழுகிறது. வட அயர்லாந்திலோ இதே பிரிவு அரசியலோடு பின்னிக்கொண்டு, 1998 அமைதி உடன்படிக்கைக்குள் 3,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

நம் மண்ணில் வேறொரு வழியும் திறந்தது. இரு சபை அறிஞர்களும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. அதில் ராயப்பர் பேதுருவானார், சின்னப்பர் பவுலானார். பழகிய சொல்லை விட்டுக்கொடுப்பது சின்னத் தியாகமல்ல. அது அம்மா சொல்லிக்கொடுத்த சொல்.

இறந்த வீட்டில் ஒலித்த அந்தப் புகழ்ச்சி அடி ஆச்சிக்கும் அந்நியமில்லை. ஞாயிறு பூசையில் இதே ஜெபத்துக்குப் பின் குருவானவர் சிறு மன்றாட்டுச் சொல்வார். அது முடிந்ததும் மக்கள் புகழ்ச்சியைச் சொல்வார்கள். இரு வீட்டாருக்கும் நடுவே இருப்பது ஒரு மூச்சுவிடும் நேரம்தான். அந்த நேரம் பொறுத்து நிற்க நமக்கு மனமிருக்கிறதா?

தம்மை நம்புகிறவர்கள் எல்லாரும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு மன்றாடியது, பாடுபடுவதற்கு முந்தின இரவில். ஆண்டுதோறும் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காகப் பல நாடுகளில் ஜெபிக்கிறார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இன்று செய்ய: வேறு சபையைச் சேர்ந்த ஒரு வீட்டுக்குப் போங்கள். அவர்கள் வழக்கப்படியே ஜெபிக்கட்டும். முடியும்வரை நின்று, கடைசி ஆமெனைச் சேர்ந்து சொல்லுங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, அடுத்தவர் ஜெபம் முடியும்வரை காத்திருக்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். ஆமென்.