மலிவு யாருடைய கூலி?

வாடகையும் மருத்துவச் செலவும் மென்னியைப் பிடிக்க, அமெரிக்க முதியவர் மெக்சிகோவுக்குக் குடிபெயர்கிறார். சபாலா ஏரிக்கரையிலுள்ள அஹிஹிக் போன்ற ஊர்களில் இத்தகையோர் பலர். ஓய்வூதியம் எல்லை கடந்து வருகிறது. முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பொதுவாக வருவதில்லை. 20 லிட்டர் கேனில் குடிநீர் வாங்கவும், தெருவில் கூவிவரும் எரிவாயு வண்டியின் குரலறியவும் அவர் பழகுகிறார். பழக்கம் வந்துவிட்டது. பண்பு வந்ததா? அதுவே கேள்வி!

மலிவு என்ன, மண்ணில் விளைவதா? மரத்தில் காய்ப்பதா? இல்லை, தோழர்களே! வீடு துடைப்பவளின் கூலி குறைவு. அதனால் வீட்டுச் செலவு குறைவு. சமைப்பவனின் ஊதியம் சிறிது. அதனால் சாப்பாட்டின் விலை சிறிது. ஒருவரின் மலிவு, மற்றொருவரின் வறுமை!

2025 சூலை 4 அன்று, மெக்சிகோ நகரின் கொண்டேசா, ரோமா பகுதிகளில் வாடகை உயர்வை எதிர்த்து மக்கள் திரண்டனர். அயலார் மீது வசைமொழியும் எழுந்தது; கடைக் கண்ணாடிகளும் நொறுங்கின. வெறுப்பு விடையாகாது; வந்தவரும் தம் நாட்டு விலைவாசியால் விரட்டப்பட்டவரே. ஆயினும், விரட்டப்பட்டவர் மற்றவரை விரட்டும் கருவியாகலாமா?

ஆகாது! அம்மக்களின் மொழியைக் கற்கட்டும். உழைப்புக்கேற்ற ஊதியம் தரட்டும். வீட்டு வேலை செய்வோரைச் சமூகக் காப்பீட்டில் பதிவுசெய்வது அந்நாட்டுச் சட்டம் விதித்த கடமை. அதைச் சலுகையென எண்ணாது நிறைவேற்றட்டும்.

விலை குறைந்த நாட்டைத் தேடலாம். விலை குறைந்த மனிதரைத் தேடலாகாது!