சுவரிலுள்ள துப்பாக்கி

பொல்பிட்டியத் தோட்ட மாளிகையொன்றின் சுவரில் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்குவதாகக் கொள்க. அதன் வேலைப்பாட்டை மட்டுமே போற்றுவதாக உரிமையாளன் கூறுவான். அது பொருந்துமா?

மலைநாட்டுக் காடுகளில் ஒருகாலத்தில் யானைகள் உலவின. மேஜர் ரொஜர்ஸ் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சுட்டவர் என்பர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அதனைத் தெய்வ தண்டனை என்றோரும் உளர். மின்னலோ நீதி அறியாது. பின்னர் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரும் இரட்டைக்குழல் ஏந்தி வேட்டையாடி, அதனை வீரமென்றே எழுதினார்.

பயிர்காக்கப் பன்றியைச் சுடும் உழவனுக்குத் தேவையென்னும் நியாயமேனும் உண்டு. இவர்களுக்கு அதுவுமில்லை.

துப்பாக்கி தானாகக் கொல்வதில்லை என்பது மெய்யே. ஆயினும் தோளிற் பொருந்தும் கட்டை, குழல்களின் சமநிலை, மீண்டும் தோட்டா இடாமலே பாயும் இரண்டாம் வெடி ஆகிய யாவும் கொலைக்கெனச் சீர்பெற்றவை. அவற்றை அழகென்பவன் எதனைப் போற்றுகிறான்?