தலை யாருடையது?



மகனுக்குப் புதிதாக மோட்டார் சைக்கிள் வாங்கித் தருகிறீர்கள். ஹெல்மெட்டோ மீந்த சில்லறையில், ரோட்டோரத்தில். கேட்டால், "என் தலை, என் இஷ்டம்" என்கிறான்.

அது நியாயந்தானா? 1935 மே மாதம் இங்கிலாந்தில் லாரன்ஸ் என்னும் பேர்பெற்ற போர்வீரர், சைக்கிளில் வந்த இரு சிறுவர்மேல் மோதாமல் விலகப்போய் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். தலையில் கவசமில்லை, ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவரான ஹியூ கெயர்ன்ஸ், ராணுவத்தாரின் மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து 1941-ல் வெளியிட்டார். கவசத்தின் பயன் அதில் தெளிவாயிற்று.

லாரன்ஸ் பிறர் உயிரைக் காக்கத்தான் விலகினார். ஐந்தாம் கற்பனை நம் உயிரையும் சேர்த்தே சொல்லுகிறது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். படுக்கையில் கிடக்கும் மகனுக்குக் கஞ்சி ஊட்டுகிற கை யாருடையது? அவள் இஷ்டத்தை யார் கேட்டார்கள்?

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் பாருங்கள். போட்டு ஆட்டினால் கன்னமும் கூடவே அசைய வேண்டும். உள்ளேயிருக்கும் தெர்மோகோல் நசுங்கித்தான் அடியைத் தாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது மறுபடி உதவாது. ஆகையால் விழுந்தெழுந்தவரின் பழைய ஹெல்மெட் இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம். விழுகிறவன் முதலில் கையைத்தான் ஊன்றுவான்; கையுறையும் வாங்குங்கள். செருப்புக்குப் பதில் ஷூ.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பெண்ணாடத்திலிருந்து விருத்தாசலம் போகிற வண்டிகளைப் பாருங்கள்: முன்னே மகன் கவசத்தோடு, பின்னே தாய் முந்தானையோடு. கடைக்காரரிடம் இரண்டாகக் கேளுங்கள்.