கணிப்பொறி வழியே சாத்திர தானம்



இல்லறத்தார் இயற்றத்தக்க தானம் உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நான்காகும். இவற்றுள் சாத்திர தானம் இன்று, திருமணத்திலும் நினைவு நாளிலும் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு வழங்கும் அளவில் நின்றுவிட்டது. அதுவும் நன்றே, ஆயினும் போதாது.

பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்னும் சாவகி, பொன்னகவியின் சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ஒவ்வோர் ஏட்டையும் ஒருவர் குனிந்திருந்து எழுத்தாணியால் கீறிய காலம் அது. முதற்படிக்கு உற்ற உழைப்பே ஆயிரமாவது படிக்கும் உற்றது. இன்றோ ஒருமுறை செவ்வையாக எழுதப்பட்ட மென்பொருளை எத்தனை பேருக்குப் படியெடுத்து வழங்கினும் செலவு மிகுவதில்லை. அத்தகைய மென்பொருளை எழுத வல்ல பிள்ளைகள் நம் இல்லங்கள் பலவற்றிலும் இருக்கின்றனர். அவர்தம் கல்வி முழுவதும் ஊதியத்திற்கே விலையாகிவிடுதல் தகுமா என்பதே நம் வினா.

தமிழில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கல்யாணசுந்தரம் முதலானோர் முயற்சியால், பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் பழநூல்களைக் கணினியில் ஏற்றினர். நம் நாலடியாரும் சீவகசிந்தாமணியும் அவ்வாறே உலகெங்கும் விலையின்றிக் கிடைக்கின்றன. நம்மவர் அல்லாதாரும் நம் நூல்களுக்குச் செய்த தொண்டு இது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி, தேனீ என்னும் எழுத்துருவை ஆக்கி யாவர்க்கும் இலவசமாக அளித்து, 2006இல் மறைந்தார்.

திருப்பூர் இரயில் நிலையத்தை அடுத்த காதர்பேட்டையை நம்மில் பலரும் அறிவர். ஏற்றுமதிக்கெனத் தைத்ததில் மிஞ்சியனவும், சிறு குறை கண்டு கழிக்கப்பட்டனவும் அங்கே கட்டுக்கட்டாக விலையாகின்றன. அவ்வாடைகளைத் தைத்த கைகளுள் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவையும் பல. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர் வாரத்தில் எத்தனை உருப்படி முடித்தார், முன்பணம் எவ்வளவு கழிந்தது என்பதற்கு ஒப்பந்தக்காரரின் நோட்டே சான்று எனில், தமிழ் படிக்கத் தெரியாதவர் யாது செய்வார்? அவர் கையிலும் செல்போன் இருக்கிறது. தைத்ததை அன்றன்றே குறித்துக்கொண்டு, வாரக் கணக்கைத் தம் மொழியில் காதால் கேட்க ஒரு சிறு மென்பொருள் போதும். இது முதலாளிக்குப் பகையாகாதோ எனச் சிலர் ஐயுறலாம். குறை அளவும் மிகை அளவும் கொண்டு வாணிகம் செய்தல் கள்ளாமை விரதத்தின் அதிசாரம் என நம் நூல்கள் விலக்குகின்றன. நேரான கணக்கு கொடுப்பவர்க்கும் கொள்பவர்க்கும் ஒருங்கே காப்பன்றோ!

ஆயினும் ஆர்வம் மட்டும் தானமாகாது. ஆதிபகவன் துறவு பூண்டு சரியைக்கு எழுந்தருளியபோது, மக்கள் யானையும் பொன்னும் மணியும் கன்னியரும் கொணர்ந்து நின்றனர். தாம் உயர்வெனக் கருதியவற்றை அன்புடன் நீட்டினர். பகவனுக்கு வேண்டியது யாதென அறிந்தாரில்லை. பல மாதம் ஆகாரமின்றியே கழிந்தது. அத்தினாபுரத்துச் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் முறையறிந்து கருப்பஞ்சாறு அளித்தான். அந்நாளே நமக்கு அட்சய திருதியை. வேண்டாத மென்பொருளை வேண்டாதார்க்கு எழுதி அளிக்கும் இளைஞர், யானையை ஓட்டி வந்தவரையே ஒப்பர். பார்வையற்றோர்க்குத் திரையிலுள்ளதைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருளை 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரன் தாமே பார்வையற்றவர். குறையறிந்து செய்தமையால் அது பல நாடுகளில் பயன்படுகிறது.

தானத்தின் சிறப்பு முறை, பொருள், கொடுப்போன், கொள்வோன் என்னும் நான்கினாலும் வேறுபடும் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும். அலுவலில் மிஞ்சிய அரைமனத்தோடு எழுதி, பிழை திருத்தாமல் பாதியில் விட்டுவிட்டால், அதை நம்பிக் கணக்கெழுதிய ஏழையின் கூலி கெடும். அது தானமன்று, இம்சை. இத்தகைய அசட்டையைச் சாத்திரம் பிரமாதம் என்னும். நம் பேச்சில் அச்சொல் புகழுரையாகிவிட்டது வேடிக்கையே!

நேரம் இல்லை என்பார்க்கும் வழியுண்டு. பொன்னுக்கும் நெல்லுக்கும் நிலத்துக்கும் அளவு வரைந்துகொண்டு வாழ்ந்தவர் நம் முன்னோர். கற்ற தொழிலும் ஓய்வு நேரமும் உடைமையே. அவற்றுக்கும் அளவு வரைந்து, வாரத்தில் இரண்டு மணி நேரத்தைப் பிறர்க்கென ஒதுக்கலாம். இருவர் மூவராகச் சேர்ந்தால் ஒருவர் விட்டதை மற்றவர் தொடரலாம்.

திருப்பூர்ப் பக்கம் வாழும் பிள்ளைகள் முதலில் ஒரு சனிக்கிழமை மாலை, கூலி வாங்கி வரும் தையல்காரர் ஒருவரின் அருகே அமர்ந்து, அவர் தம் வாரக் கணக்கைச் சொல்லச் சொல்லத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளட்டும். கணிப்பொறியைத் திறப்பது அதற்குப் பின்னர் ஆகட்டும்.