தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்றால் பிரீமியம் எதற்கு?

நெதர்லாந்தில் இன்சூரன்ஸ் இல்லாமலேயே ஒரு வேனைச் சட்டப்படி ஓட்டலாம். ஆனால் அதற்கு மனசாட்சிதான் காரணமாக இருக்க வேண்டும். காப்பீடு தன் மதநம்பிக்கைக்கு விரோதம் என்பவருக்கு அந்நாட்டு வாகனப் பதிவுத் துறை விலக்கு தருகிறது. வேனுக்கு வேண்டாம், வீட்டுக்கு மட்டும் இருக்கட்டும் என்று பேரம் பேச முடியாது. எல்லா வகை இன்சூரன்ஸையும் மறுப்பவராக இருக்க வேண்டும். இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவ சபைகளைச் சேர்ந்தவர்கள். மழையும் வறட்சியும், சுகமும் நோயும் தற்செயலாக வருவதில்லை, கடவுளின் கையிலிருந்தே வருகின்றன என்பது 1563-இல் வெளியான ஹைடல்பெர்க் வினாவிடை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தக் கையை நம்புகிறவர் ஒரு கம்பெனிக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி அல்ல இது. தலையில் எழுதியதுதான் நடக்கும் என்று சொல்லிக்கொண்டே எல்.ஐ.சி. தவணையைத் தேதி தவறாமல் கட்டுகிற வீடுகள் நம்மிடையே ஏராளம். இரண்டையும் எப்படி ஒரே மனதில் வைத்திருக்கிறோம் என்று யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

கேட்டே ஆக வேண்டிய நிலைமை பிரிட்டனின் கேம்பர்வேன்வாசிகளுக்கு வருகிறது. பழைய ஃபோர்டு ட்ரான்ஸிட் அல்லது ஃபியட் டுகாட்டோ டெலிவரி வேனை வாங்கி, உள்ளே பலகை அடித்து, கட்டில் போட்டு, கேஸ் அடுப்பு பொருத்தி, கூரையில் சோலார் தகடு மாட்டி அதிலேயே குடியிருப்பவர்கள் அவர்கள். வாடகை கட்டி மாளாமல் வந்தவர்களும் உண்டு. சொத்து என்கிற சுமையே வேண்டாம், நாளையைப் பற்றிய கவலையும் வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. இரண்டாவது வகையினர் இன்சூரன்ஸ் படிவத்தின் முன் உட்காரும்போது, துறந்து வந்ததெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து எதிரே நிற்கும். நிலையான முகவரி எது? இரவில் வண்டி எங்கே நிற்கும்? ஆண்டில் எத்தனை நாள் வெளிநாட்டில் ஓடும்? உள்ளே இருக்கும் பொருள்களின் மதிப்பு என்ன?

படிவத்துக்கு முன்பே இன்னொரு சிக்கல். பதிவுப் புத்தகத்தில் ‘வேன்’ என்பதை ‘மோட்டார் கேரவன்’ என்று மாற்ற, பிரிட்டன் வாகனப் பதிவு ஆணையமான டி.வி.எல்.ஏ. உள்ளே படுக்கை, மேசை, அடுப்பு, அலமாரி இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. பக்கவாட்டில் ஜன்னல்கள், வெளிப்புறத்தில் கேரவன் பாணிச் சித்திரங்கள், வெயில் மறைப்புத் துணிக்கான தண்டு, உயர்ந்த கூரை என்று வெளித் தோற்றத்தையும் பார்க்கிறது. சாலையில் போகும்போதே பார்ப்பவருக்குக் கேரவன் என்று தெரிய வேண்டுமாம். ஆகவே, உள்ளே முழு வீடாகிவிட்ட எத்தனையோ வண்டிகள் காகிதத்தில் இன்றும் வேன்தான். ஆன்மா மாறியது பதிவேட்டுக்குத் தெரியவில்லை. நல்ல வேளையாக, இத்துறையில் பழகிய காப்பீட்டாளர்கள் புகைப்படங்களைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

விலை வைப்பதும் எளிதல்ல. வண்டி எரிந்துபோனால் சாதாரண பாலிசி சந்தை மதிப்பைத்தான் தரும். மாதக்கணக்கில் இழைத்த பலகைக்கும் கூலி இல்லாத சொந்த உழைப்புக்கும் சந்தையில் விலை இல்லை. அதனால்தான் ரசீதுகளையும் படங்களையும் காட்டி, மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் பாலிசியைத் தேடுகிறார்கள். பற்றற்று வாழ வந்தவர் கடைசி ஆணி வரைக்கும் ரசீது சேர்க்கிறார்!

இதை நம்பிக்கைக் குறைவு என்று சொல்லலாமா? ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிடேரியன் போதகர்கள் அப்படி நினைக்கவில்லை. எல்லாம் முன்பே குறிக்கப்பட்டுவிட்டது என்பதைப் போதித்த அவர்களில் இருவர், அலெக்ஸாண்டர் வெப்ஸ்டரும் ராபர்ட் வாலஸும், போதகர்களின் விதவைகளுக்கும் பிள்ளைகளுக்குமாக 1744-இல் ஒரு நிதியை ஏற்படுத்தினார்கள். ஆண்டுக்கு எத்தனை போதகர்கள் இறப்பார்கள், எத்தனை பேர் மனைவி மக்களை விட்டுப் போவார்கள் என்று திருச்சபை வட்டாரங்களிலிருந்து விவரம் திரட்டினார்கள். எடின்பரோ கணிதப் பேராசிரியர் காலின் மெக்லாரின் கணக்கைச் சரிபார்த்தார். 1765-இல் நிதி 58,348 பவுண்டாக இருக்கும் என்று கணித்தார்கள். ஒரு பவுண்டுதான் குறைந்தது. யார் எப்போது சாவார் என்பதை ஆண்டவனிடம் விட்டுவிட்டு, எத்தனை பேர் என்பதை மட்டும் தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

இஸ்லாமும் இதே வாசலுக்கு வேறு வழியாக வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்புவதா, கட்டாமலே நம்புவதா என்று கேட்டவரிடம் கட்டிவிட்டு நம்பு என்று நபிகள் சொன்னதாக ஹதீஸ் உண்டு. ஆனாலும் வழக்கமான இன்சூரன்ஸில் நிச்சயமின்மையும் சூதும் வட்டியும் கலந்திருப்பதாக அறிஞர்கள் பலர் தடுத்தார்கள். அதற்கு மாற்றாக உறுப்பினர்கள் பொதுநிதிக்குத் தானமாகக் கொடுத்து ஒருவரையொருவர் காக்கும் ‘தகாஃபுல்’ வந்தது. 1979-இல் சூடானில் அதற்கென ஒரு நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984-இல் சட்டமே இயற்றியது.

மறுப்பவர்களிலும் மரியாதைக்குரியவர்கள் அமெரிக்காவின் ஆமிஷ் மக்கள். களஞ்சியம் எரிந்தால் ஊரே திரண்டு வந்து மறுபடி எழுப்பிக் கொடுக்கிறது. அங்கே கடவுளை நம்புவதும் பக்கத்து வீட்டுக்காரரை நம்புவதும் வேறு வேறல்ல. இரவுக்கு ஒரு இடத்தில் வண்டியை நிறுத்துகிறவருக்கோ பக்கத்து வீடே கிடையாது. அவருக்குக் கிடைக்கக்கூடிய ஊர், முகம் தெரியாத பாலிசிதாரர்களின் கூட்டம்தான்.

சட்டம் இந்தத் தத்துவச் சண்டையில் ஒரு கோடு கிழிக்கிறது. பிரிட்டனில் 1930 முதல் கட்டாயமாக இருப்பது, பிறருக்கு நேரும் காயத்துக்கான காப்பீடு. சொந்த வண்டி திருடுபோவதும் எரிவதும் உரிமையாளர் பாடு. நெதர்லாந்தின் விலக்கும் முழு விலக்கல்ல: மறுப்பவர் ஆண்டுதோறும் உத்தரவாத நிதிக்கு ஒரு தொகை கட்ட வேண்டும், அவர் வண்டி யாரையாவது மோதினால் அடிபட்டவருக்கு அந்த நிதி கொடுக்கும். என் கட்டிலை ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்பது பக்தி. என் பிரேக் பிடிக்காமல் கால் முறிந்தவரையும் அவனே பார்த்துக்கொள்வான் என்பது அடுத்தவர் காலை வைத்துச் செய்யும் பக்தி.

பொய் சொல்லி மலிவாக எடுக்கும் பாலிசி பக்தியிலும் சேராது, காப்பீட்டிலும் சேராது. பிரிட்டனின் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குக் கவனக்குறைவாகத் தவறான பதில் தந்து 800 பவுண்டு கட்ட வேண்டிய இடத்தில் 400 கட்டியிருந்தால், 12,000 பவுண்டு இழப்புக்கு 6,000 மட்டும் கொடுக்கக் கம்பெனிக்கு உரிமை உண்டு. வேண்டுமென்றே பொய் சொன்னதாகத் தெரிந்தால் பாலிசியையே செல்லாதென்று ஒதுக்கலாம். கட்டிய பிரீமியத்தையும் திருப்பித் தர வேண்டியதில்லை.

சொந்தச் சேதத்துக்குக் காப்பீடு வேண்டாம் என்று துணிகிறவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இழப்பைத் தாங்கப்போவது அவர்தான். ஆனால் வருடம் முழுக்க வேனில் குடியிருந்துகொண்டு படிவத்தில் அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்து ‘விடுமுறைப் பயணத்துக்கு மட்டும்’ என்று எழுதாதீர்கள். குடியிருப்பு இதுதான் என்று அப்படியே எழுதுங்கள். பல கம்பெனிகள் மறுக்கும், மறுக்கட்டும். முழுநேர வேன்வாசிகளுக்கென்றே பாலிசி தருகிறவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள்.