தொண்டு என்னும் சொல்லும் செவிலியர் வாழ்வும்

செவிலியர் பணியைத் தொண்டு என்று போற்றுவது நம் வழக்கம். போற்றுதல் நன்றே. ஆயின், அச்சொல்லைச் சொல்லியே அவர்தம் ஊதியத்தையும் உறக்கத்தையும் குறைப்பது அறமாகுமா என்பது எண்ணத்தக்கது.

ஒருவர் தாமே உவந்து அளிப்பதன்றோ தொண்டு? தமிழக அரசு 2015-ஆம் ஆண்டில் செவிலியரைத் தொகுப்பூதியத்தில் நியமித்தபோது அவர்கள் பெற்றது மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் வேண்டி அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினர். நோயாளிகளை விட்டு வரலாமா என்று கேட்பது எளிது, நியாயமும் கூட. அத்தொகையில் ஒரு குடும்பம் எங்ஙனம் நடக்கும் என்பதையும் உடன் கேட்டால்தான் அந்த நியாயம் முழுமை பெறும்.

எனினும், ஊதியம் ஒன்றே மனநிறைவைத் தந்துவிடுவதில்லை. படுத்த படுக்கையாய் இருக்கும் நோயாளியை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிடில் படுக்கைப்புண் தோன்றும் என்பதைச் செவிலியர் கற்றே வருகின்றனர். பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவு. இரவில் முப்பது, நாற்பது பேருக்கு ஒருவரே நிற்கும் வார்டுகளோ அரியன அல்ல. அங்கே ஊசியும் மருந்தும் கொடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். செய்யத் தெரிந்ததைச் செய்ய நேரமின்றிப் போன துயரத்தோடு அவர் வீடு திரும்புகிறார். உடற்களைப்பு உறங்கினால் தீரும், இது தீர்வதில்லை.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியான கட்டுரை ஒன்று இதனை எண்களால் காட்டியது. செவிலியர் ஒருவர் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை மருத்துவம் பெற்றோர் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுதியாயிருந்தது. செவிலியர் மனம் சோரும் வாய்ப்பு 23 விழுக்காடு மிகுதி. செவிலியர் நலம் வேறு, நோயாளி நலம் வேறு என்று பிரித்துப் பேசுவோர் இதனைக் கருத வேண்டும்.

நோய்க்கு இரவு பகல் இல்லை. ஆகவே இரவுப்பணியை ஒழித்தல் இயலாது. போதிய ஆட்களை நியமித்தல் அரசுக்கும் நிர்வாகங்களுக்கும் உரிய கடமை. ஆனால் பழியை முழுவதும் அங்கே வைத்துவிட்டு நாம் விலகிக்கொள்ள முடியுமா? இரவெல்லாம் கண்விழித்து வந்த மருமகள் நேரே அடுப்படிக்குச் செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் இல்லங்கள் நம்மிடையேயும் உள்ளன. ஆண்மகன் இரவுப்பணி முடித்து வந்தால் வீடே குரல் தாழ்த்திப் பேசும்! கொடாததைக் கொள்ளுதல் களவு என்று கற்றவர்கள் நாம். பிறர் கொடாத உறக்கத்தை எடுத்துக்கொள்வதற்கு என்ன பெயரிடுவது?

காலைச் சமையலைக் கணவர் ஏற்பதும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அவர் உறங்கும் அறைக்கதவை மாமியார் மெல்லச் சாத்துவதும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டியவை அல்ல.